ஊர் கட்டும் கேமில் சண்டை எதற்கு?

கம்ப்யூட்டர் கேம் என்றதும் பலருக்குத் துப்பாக்கிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடுவதில் இன்னொரு பெரிய வகை இருக்கிறது. நகரம் கட்டுவது, பண்ணை நடத்துவது, ரயில் விடுவது, விமானம் ஓட்டுவது, ஒரு ராஜ்யத்தைக் கற்காலத்திலிருந்து வளர்த்துக் கொண்டுவருவது. இவற்றைப் பொதுவாகச் சிமுலேஷன் கேம் என்கிறார்கள். (ராஜ்யம் வளர்ப்பதை ‘ஸ்ட்ராட்டஜி’ என்று தனியாகப் பிரிப்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பிரிவினை வேண்டாம்.)

உலகத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அது எப்படி ஓடுகிறது என்பதைக் கணக்காக எழுதி, அந்தக் கணக்கை ஆடுகிறவர் கையில் விட்டுவிடுவதுதான் சிமுலேஷன். வரியை ஏற்றினால் ஜனம் ஊரைக் காலி செய்யும். கண்மாயில் தண்ணீர் இல்லையென்றால் அறுவடை இல்லை. சினிமா எடுப்பவர் ‘இப்படி நடந்தது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். சிமுலேஷன் எழுதுபவரோ ‘இதைச் செய்தால் இதுதான் நடக்கும்’ என்கிறார். அது இன்னும் பெரிய பேச்சு.

அதனால்தான் இந்த வகைக் கேமுக்குள் சண்டையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது, திரையில் எவ்வளவு ரத்தம் தெறிக்கிறது என்பதைவிடக் கனமான கேள்வி. சேர்த்தால், சண்டை போட்டவனுக்கு என்ன கிடைக்கும், யாருக்கு என்ன போகும் என்று விதி எழுதியாக வேண்டும். சேர்க்காமல் விட்டால், சண்டை இல்லாமலே உலகம் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னதாகும். எப்படிப் பார்த்தாலும் கேம் செய்தவர் ஒரு கருத்தைச் சொல்லித்தான் ஆகிறார்.

இந்த வகைக் கேம்களின் பிறப்பிலேயே சண்டை இருக்கிறது. 1984-இல் வில் ரைட் என்ற அமெரிக்கர் ஹெலிகாப்டரில் பறந்து தீவுகள் மேல் குண்டு போடும் கேம் ஒன்றை வெளியிட்டார். அந்தத் தீவுகளில் ரோடும் தொழிற்சாலையும் வரைவதற்காகத் தனக்கென்று ஒரு கருவி எழுதி வைத்திருந்தார். குண்டு போடுவதைவிட அந்தக் கருவியில் ஊர் கட்டுவது அவருக்கு அதிகம் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து வந்ததுதான் 1989-இல் வெளியான சிம்சிட்டி. அழிப்பதற்கென்று வரைந்த ஊர், கட்டுவதற்கான ஊர் ஆனது.

சரி, அதோடு சண்டை போயே போய்விட்டதா? இல்லை. சிம்சிட்டியில் தயாராகக் கொடுக்கப்பட்ட சில சவால்கள் உண்டு. 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் ஒன்று. ‘ஹாம்பர்க், ஜெர்மனி, 1944’ இன்னொன்று. விமானங்கள் குண்டு போட்டு நகரம் எரியும். மேயரான நீங்கள் தீயை அணைத்து ஊரைத் திரும்பக் கட்ட வேண்டும். குண்டு போட்டவர் யார், எதற்காக, அந்தப் போரை ஆரம்பித்தது யார் என்பதற்கெல்லாம் கேமின் கணக்கில் இடமில்லை. நிலநடுக்கம் எப்படியோ அப்படியே போரும்: வானத்திலிருந்து வருகிறது, போகிறது. கேமில் ஒரு துப்பாக்கி கிடையாது. இருந்தாலும் போரைப் பற்றி ஒரு வலுவான கருத்து அதில் இருக்கிறது. அந்தக் கருத்து எனக்கு உடன்பாடில்லை. ஹாம்பர்க்கை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

‘இதெல்லாம் இருக்கட்டும், பையன் கெட்டுப்போய்விடுவானா?’ என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. வன்முறைக் கேம்கள் நிஜ வன்முறைச் செயல்களுக்குக் காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் மறுபடியும் அறிவித்தது. கத்துவது, தள்ளுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு ஒரு சிறிய தொடர்பு இருப்பதாகவும் அதே அறிவிப்பில் சொன்னது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகளிடம் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அந்தத் தொடர்பும் தென்படவில்லை. கேமின் வயது முத்திரையைப் பாருங்கள், தூங்கும் நேரத்தைப் பாருங்கள், அவ்வளவுதான். பிள்ளை என்ன ஆவான் என்பது ஒரு கேள்வி. கேம் அவனிடம் சொல்வது உண்மையா என்பது வேறு கேள்வி. நமக்கு இரண்டாவதுதான் வேலை.

ராஜ்யம் வளர்க்கும் கேம்களில் ஒன்றான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் இரண்டாம் பாகம் 1999-இல் வந்தது, இன்றும் ஆடுகிறார்கள். 2022-இல் வந்த சேர்க்கையில் (கேமோடு பிறகு இணைத்துக்கொள்ளும் கூடுதல் பகுதி) திராவிடர் என்றொரு நாகரிகமும் ராஜேந்திர சோழன் கதையும் இடம்பெற்றன. அந்த நாகரிகத்து ஆட்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்வார்கள். நம்மவர்களுக்கு அது தனிக் கிறக்கம். காரைக்குடியில் என் அக்கா மகன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரியின் கோட்டையைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் விறகு வெட்டுபவர்கள் மேல் குதிரைப்படையை விட்டான். ஏன்டா கோட்டையை விட்டுட்டே என்று கேட்டேன்.

“சிப்பாயை அடிச்சா டைம் வேஸ்ட், அம்மான். விறகு வெட்டுறவன், வயல்ல நிக்கிறவன், இவனுகளை முடிச்சா எதிரி தானா விழுந்துருவான்.”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விதியை அவன் சரியாகப் படித்திருக்கிறான். நன்றாக ஆடுகிற எல்லோரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். அந்தக் கேமில் கூடையோடு நிற்கும் ஆளை வெட்டினால் பக்கத்து ஊர்க்காரன் உங்களை வெறுக்க மாட்டான். உங்கள் சிப்பாய்க்கு மனம் கலங்காது. உங்கள் வயலில் நிற்பவர் நாளைக்கு நமக்கும் இதுதானே என்று ஓட மாட்டார். ஸ்கோர் மட்டும் ஏறும். ஆயுதம் ஏந்தியவனையும் ஏந்தாதவனையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது 1949 ஜெனீவா ஒப்பந்தங்களும் 1977 கூடுதல் நெறிமுறைகளும் அழுத்திச் சொல்வது. இந்தக் கேமில் அந்தப் பிரிவு இருக்கிறது, தலைகீழாக. ஏந்தாதவன்தான் லாபமான இலக்கு.

‘அந்தக் காலத்துப் போர் அப்படித்தானே’ என்று சொல்லலாம். பாதி சரி. புறநானூற்றின் 9-ஆம் பாட்டில், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் எதற்காகப் புகழ்கிறார் என்று பாருங்கள். அம்பு விடப் போகிறோம், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயாளிகளும் பிள்ளை பெறாதவர்களும் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று முன்கூட்டி அறிவித்த அறத்துக்காக. அதே புறநானூற்றில் பகைவர் நாட்டு விளைவயலை எரித்ததைப் பாராட்டும் பாட்டுகளும் இருக்கின்றன. இரண்டும் நடந்திருக்கிறது, இரண்டையும் ஜனம் எடை போட்டிருக்கிறது. கேமில் எரிப்பது மட்டும் வந்து அறிவிப்பு வராமல் போனால், அந்தக் காலத்தை அப்படியே காட்டினோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அறிவிப்பை விதியாக எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. படை கிளம்பும்முன் ‘பறையறை’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எதிரி உஷாராகிவிடுவான், திடீர்த் தாக்குதலின் லாபம் போய்விடும். அழுத்தாவிட்டால் பிடித்த ஊரில் உங்களுக்கு வரி கட்ட ஆள் இருக்காது. ஆடுபவர் இப்போது யோசிக்க வேண்டும். கேமுக்குள் அறம் வருவது இப்படித்தான். முன்னுரையில் ‘போர் கொடியது’ என்று எழுதிக் காட்டிவிட்டு, உள்ளே பழைய கணக்கையே ஓட விட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆர்மா 3 என்பது நவீனப் போர்க்கள சிமுலேஷன். அதற்கு 2017-இல், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஒத்துழைப்போடு, போர்ச் சட்டங்களைப் பற்றிய ஒரு சேர்க்கை வந்தது. அதில் நீங்கள் நிவாரண அமைப்பைச் சேர்ந்த கண்ணிவெடி அகற்றுபவர். சண்டை முடிந்த ஊரில், முன்பு நீங்களே சிப்பாயாக ஓடித் திரிந்த அதே தீவில், எஞ்சிக் கிடக்கும் குண்டுகளுக்கு நடுவே நடக்கிறீர்கள். போலந்தில் செய்த திஸ் வார் ஆஃப் மைன் (2014) இன்னும் தூரம் போகிறது. 1990-களின் போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்த கேம். அதில் சிப்பாய் நீங்கள் இல்லை, இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் நாலு பேர் நீங்கள். ராத்திரி ஒருவரை வெளியே அனுப்பி உணவும் மருந்தும் தேட வேண்டும். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள். ஆயுதம் கிடையாது, அலமாரி நிறையச் சாப்பாடு. அள்ளிக்கொண்டு வரலாம், தடுக்க ஆள் இல்லை. வந்த பிறகு உங்கள் ஆட்கள் மனம் ஒடிந்து போவார்கள். வேலை செய்யச் சொன்னால் செய்ய மாட்டார்கள். திருட்டின் விலை திரையில் எண்ணாக வராமல் மனிதர் எழுந்திருக்க மறுப்பதாக வருகிறது. அதையும் ஒரு விதியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், விறகு வெட்டியைக் கொன்றால் லாபம் என்பதைப் போலவே. போலந்து அரசு 2020-இல் இந்தக் கேமைப் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

எல்லாக் கேமுக்கும் இந்தச் சுமை வேண்டுமா? வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் ஆடுகிற ஆடுபுலியில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டினால் ஆடு வெட்டு. ஒருவரும் கண்ணீர் விடுவதில்லை, விட வேண்டியதும் இல்லை. ஏனென்றால் அது எந்தக் காட்டையும் எந்த வருடத்தையும் குறிப்பிட்டுப் பேசவில்லை. கேம் ஓர் ஊரின் பெயரை, வருடத்தை, ஆளின் பெயரை எடுத்துக்கொள்ளும்போதுதான் கடன்பட ஆரம்பிக்கிறது. சிவிலைசேஷன் என்ற ராஜ்யம் வளர்க்கும் கேமில் ஒரு பிழையினால் காந்தி அணுகுண்டு போடும் வெறியரானார் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. 1991-இல் வந்த முதல் பாகத்தில் அப்படி ஒரு பிழையே இல்லை என்று அதைச் செய்த சிட் மெயர் 2020-இல் எழுதிவிட்டார். ஆனால் 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அதை வேண்டுமென்றே சேர்த்தார்கள், தமாஷுக்கு. எனக்கும் சிரிப்பு வந்தது. நாலு தடவை பார்த்த பிறகு வரவில்லை.

எங்கள் பக்கத்துக் கதையில் சண்டை கேம் செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் மருது சகோதரர்களைத்தான் சொல்வார்கள். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) அவர்களைத் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்படப் பலரைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். பெரிய கதை, கேமுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். எதிர்ப்பக்கத்தில் யாரை நிறுத்துவீர்கள்? சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரனை மட்டும் நிறுத்துவது சுலபம். கும்பினிப் படையில் இருந்த சிப்பாய்களில் தமிழர் உண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பினியின் பக்கம். செட்டிநாட்டு ஊர்களோ சில சிவகங்கைச் சீமையில், சில புதுக்கோட்டைச் சீமையில். எதிரிக்கு முகம் கொடுத்தால் வீரம் குறைந்துவிடும் என்று பயப்படுபவர்கள் இந்தக் கேமைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

ஆனாலும் செட்டிநாட்டில் இந்தக் கேள்வி உண்மையில் கடிக்கிற இடம் அது இல்லை. சண்டையே இல்லாத கேம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். பெயர் ‘வளவு’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டை எழுப்ப வேண்டும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு. தரைக்கு ஆத்தங்குடிக் கல், தூணுக்குப் பர்மாத் தேக்கு. இதற்கெல்லாம் பணம் வேண்டும், பணத்துக்குக் கொண்டுவிற்கப் போக வேண்டும், அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய. ரங்கூன் மொகல் தெருவில் கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்களை அமர்த்துகிறீர்கள். மூன்று வருடக் கணக்கு. கடன் கொடுத்து, வட்டி வாங்கி, ஐந்தொகை (சொத்தும் கடனும் காட்டும் இறுதிக் கணக்கு) போட்டு, ஊருக்குப் பணம் அனுப்பினால் வீட்டில் இன்னொரு கட்டு எழும்பும். ஒரு துளி ரத்தம் கிடையாது. எந்த வயது முத்திரையும் தேவைப்படாது.

இந்தக் கேம்தான் எனக்கு உறுத்துகிறது. ரங்கூனில் அந்தக் கடை எப்படி வந்தது? ஆங்கிலேயர் பர்மாவோடு மூன்று போர் நடத்தினார்கள்: 1824 முதல் 1826 வரை, 1852-இல், 1885-இல். முதல் போரில் கப்பல் ஏறிய சிப்பாய்களில் பெரும்பகுதி சென்னைப் படையினர். இரண்டாவது போரில் கீழ்ப்பர்மா கைமாறியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டா முழுக்க ஏற்றுமதிக்கான நெல்வயலாக மாறியது. காடு வெட்டி வயல் ஆக்கிய விவசாயிக்குப் பெரிய வங்கிகள் கடன் தரவில்லை, செட்டியார் தந்தார். பிணை நிலம். பிணையை மீட்டுத்தரப் பிரிட்டிஷ் கோர்ட்டு. துப்பாக்கியைச் செட்டியார் தொடவில்லை என்பது உண்மை. துப்பாக்கி வரைந்து வைத்த எல்லைக்குள்தான் பேரேடு எழுதினார் என்பதும் உண்மை. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கேமாக்கினால், தேக்குத் தூண் மரத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்து நின்றுவிட்டது போலாகும்.

அதற்காக ஆடுபவர் கையில் படையைக் கொடுப்பது இன்னும் மோசம். ‘மண்டலேயைப் பிடி, வட்டி இரண்டு மடங்கு’ என்று வைத்தால் அது பொய், அருவருப்பும்கூட. நான் செய்வதாக இருந்தால் போரை உள்ளே வைப்பேன், பொத்தான் எதுவும் தர மாட்டேன். பேரேட்டில்தான் அது தெரியும்.

1920-களில் ஒரு விவசாயி கடன் வாங்க வருகிறார் என்று வையுங்கள். அவர் பெயர், வயலின் அளவு, இரண்டு மாடு, எல்லாம் பேரேட்டில் பதிவாகிறது. ஒழுங்காக வட்டி கட்டுகிறார், உங்கள் வீட்டில் ஒரு கட்டு எழும்புகிறது. 1930-இல் நெல் விலை சரிகிறது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் சுமார் 6 விழுக்காடு, 1930-களின் பின்பகுதியில் ஏறத்தாழக் கால் பங்கு. நிலம் கேட்டுக் கடன் கொடுத்தவர்கள் இல்லை, ரொக்கம்தான் அவர்களுக்கு வேண்டும். ரொக்கம் வரவில்லை, நிலம் வந்தது. கேமில் இது ‘பிணையை எடுத்துக்கொள்’ என்ற ஒரே சொடுக்கு. சொடுக்கிய பிறகு அதே பெயர் பேரேட்டின் வேறு பக்கத்துக்குப் போகிறது: தன் வயலிலேயே குத்தகைக்காரராக.

1930 டிசம்பரில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். சாதாரண கேமில் இந்த இடத்தில் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் முளைக்கும், ‘கலகக்காரர்கள்’ என்று எழுதியிருக்கும், போலீஸ் வந்து துடைக்கும். நம் கேமில் அந்தப் புள்ளியைச் சொடுக்கினால் பேரேட்டில் ஏற்கெனவே பார்த்த பெயர் வரட்டும். வேறு வசனம் தேவையில்லை. இதனால் வட்டிக்கடைக்காரர்கள் மேல் பழி போட்டதாகாது. கொளுத்துகிறவனுக்கும் கொளுத்தப்படுகிறவனுக்கும் ஒரே கணக்குப் புத்தகம் என்று காட்டினதாகும்.

பிறகு 1941 டிசம்பர் 23. ரங்கூன் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போடுகின்றன. ஹாம்பர்க்கின் அதே காட்சி. ஆனால் அதற்கு முன் எழுபது, எண்பது வருடக் கணக்கை ஆடிவிட்டு வந்தவருக்கு இது வானத்திலிருந்து விழுந்த விபத்தாகத் தெரியாது. ஒரு சாம்ராஜ்யம் பிடித்த ஊரை இன்னொன்று பிடிக்க வருகிறது, அவ்வளவுதான். 1942 மார்ச் 8-இல் நகரம் விழுவதற்குள் முடிவெடுக்க வேண்டும். கப்பலில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. பேரேடும் பத்திரங்களும் ஒரு பெட்டி, மேலாள் ஒருவர், அடுத்தாள், சமையல்காரர், பதினைந்து வயதுப் பெட்டியடிப் பையன். கப்பலில் ஏறாதவர்கள் அரக்கான் வழியாகவோ மணிப்பூர் வழியாகவோ நடக்க வேண்டும். லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறிய மாதங்கள் அவை. வழியில் காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பெட்டிக்கு ஒரு ஆள் இடம். ஏற்றுவீர்களா?

இப்படி எல்லாம் செய்தால் கேம் பாடப் புத்தகம் ஆகிவிடாதா என்றால், ஆகலாம், கை நழுவினால் ஆகும். மேலே சொன்ன போலந்துக் கேம் பல லட்சம் பிரதி விற்றது. முடிவு கஷ்டமாக இருந்தால் ஆட்டம் சுவைக்கும் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

அக்கா மகனிடம் இந்த வளவுக் கேமைச் சொன்னேன். கடைசி வரை கேட்டான்.

“சரி அம்மான், இதுல ஜெயிக்கிறது எப்படி?”

நியாயமான கேள்வி, ஏனென்றால் ஸ்கோரும் ஒரு கருத்துதான். வீட்டில் எத்தனை கட்டு என்று மட்டும் எண்ணினால் 1942-ஐத் தோல்வி என்று எழுத வேண்டிவரும். நடந்து வந்து சேர்ந்த பையன் அந்த எண்ணிக்கையில் வரவே மாட்டான். நான் சொன்னது இது: கடைசியில் ஐந்தொகையை அப்படியே திறந்து காட்டிவிடலாம். ஒரு பக்கம் வீடு. இன்னொரு பக்கம் டெல்டா நிலம், 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்று நிலச் சட்டம் கொண்டுவந்ததும் அந்த வரியில் என்ன மிஞ்சுகிறது என்பதோடு. கீழே பெயர்கள்: யார் கப்பலில் வந்தார், யார் நடந்து வந்தார், யார் பேரேட்டின் எந்தப் பக்கத்தில் நின்றார். மொத்தத் தொகை போட வேண்டாம். அவனுக்கு அது பிடிக்கவில்லை, கடைசியில் ஒரு நம்பராவது வேண்டும் என்கிறான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.